சேவலுக்கு ஒரு பின்னணிக் குரல்

பிப்ரவரி 3, திங்கள்

செண்பகவடிவு மேடம் கூப்பிட்டுவிட்டார். ஆற்றுப் படத்தைப் பற்றித்தான் இருக்கும் என்று போகும்போதே தெரியும்.

எங்கள் 'நெல்லைச் சாளரம்' இணையச் சேனலில் செய்தி வாசிக்கப் பலர் இருக்கிறார்கள். சிறப்புத் தொகுப்பை எழுதி, அதற்குக் குரலும் கொடுத்து, திரையிலும் நிற்கிற ஒரே ஆள் நான்தான். போன மாதம் ஆற்றில் ஆகாயத்தாமரை மண்டிக் கிடப்பதைப் பற்றி ஒன்று செய்தேன். அதன் கீழே வந்திருந்த கருத்துகளை மேடம் கண்ணாடி போட்டுக்கொண்டு வாசித்துக் காட்டினார்.

"'அண்ணே, கொஞ்சம் தள்ளி நில்லுங்க, ஆறு தெரியல.' 'இவரு எப்ப மூச்சு விடுவாரு?' 'பேசுறது யாரு, ஆத்துக்குச் சொந்தக்காரரா?'"

"பொறாமை மேடம்" என்றேன்.

"தளவாய், ஆலடிக்குறிச்சி போலீஸ் ஸ்டேஷன்ல ஒரு சண்டச் சேவல் இருக்காம். கேஸ்ல பிடிச்சது. அதப் பத்தி ஒரு சின்னத் தொகுப்பு பண்ணுங்க. இதுவும் அந்த ஆறு மாதிரி வந்துச்சுன்னா, காலையில தங்கம் விலை வாசிக்கப் போயிருங்க."

தங்கம் விலை! 'சவரனுக்கு' என்ற சொல்லோடு முடிந்து போகவா கடவுள் எனக்கு இந்தத் தொண்டையைக் கொடுத்தார்?

வீட்டுக்கு வந்து கனகமணியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவளும் கடையில் ஏதோ நடந்ததாக ஆரம்பித்தாள். நான் சொல்லி முடித்துப் பார்த்தபோது தூங்கியிருந்தாள். பாவம், ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவு, நாள் முழுக்க நிற்கிறாள்.

பிப்ரவரி 4, செவ்வாய்

வெளியே போகவில்லை. பின்னணி உரையை எழுதி முடித்தேன். சேவலை இன்னும் பார்க்கவில்லை. பார்த்தால் எழுத்தின் ஓட்டம் கெட்டுவிடும்.

தொடக்கம்: "கொண்டை சிவந்தவன். குற்றம் அறியாதவன். கூண்டுக்குள்ளிருந்து கேட்கிறது ஒரு கூக்குரல்!"

எங்கள் ஒளிப்பதிவாளர் எப்சிபா வாசித்துவிட்டு, "அண்ணே, சேவல் கூண்டுலதான் கிடக்கான்னு தெரியுமா?" என்றாள்.

காவல் நிலையத்தில் பின்னே எங்கே இருக்கும், மொட்டை மாடியிலா?

பிப்ரவரி 5, புதன்

சேவல் கூண்டில் இல்லை. புகார் எழுதும் ரைட்டரின் மேசை மேல் இருக்கிறது.

நடந்தது இதுதான். பொங்கல் சமயத்தில் ஆலடிக்குறிச்சிப் பனங்காட்டில் சேவல் சண்டை நடத்தியிருக்கிறார்கள். போலீஸ் போனதும் ஆட்கள் எல்லாரும் ஓடிவிட்டார்கள். ஒரு சேவல் மட்டும் ஓடாமல் நின்று ஜீப்பை எதிர்த்திருக்கிறது. அதைப் பிடித்துக்கொண்டு வந்துவிட்டார்கள். வழக்கில் அதுதான் முதல் சான்றுப் பொருள், காவல் நிலைய பாஷையில் 'எம்.ஓ. ஒன்'. நீதிமன்றம் ஏலம் விடச் சொல்லும் வரை அதை உயிரோடு வைத்திருக்க வேண்டும். அந்தப் பொறுப்பை ஏட்டம்மா இசக்கியம்மாள் தலையில் கட்டிவிட்டார்கள். ஐம்பதைத் தாண்டிய, சத்தமாகப் பேசாத அம்மாள். ஸ்டேஷனில் எல்லாரும் சேவலை 'எம்.ஓ.' என்றே கூப்பிடுகிறார்கள். அதுவும் திரும்பிப் பார்க்கிறது.

என் முதல் வரியில் கூண்டு வருவதால் ஒரு கூண்டுக்கு ஏற்பாடு செய்ய முடியுமா என்று ரைட்டரிடம் கேட்டேன்.

"லாக்கப் சும்மாதான் கிடக்கு. வேணும்னா நீங்க உள்ள போய் நில்லுங்க" என்றார்.

இன்ஸ்பெக்டரிடம் விரிவான பேட்டி எடுத்தேன். சேவல் சண்டையின் வரலாறு, சட்டம், தண்டனை, அவருடைய பணி அனுபவம், அவர் வாங்கிய பதக்கம். ஒரே ஒரு தொல்லை. வயர்லெஸ்ஸில் யாராவது "ஓவர்" என்று சொன்னால் போதும், எம்.ஓ. கழுத்தை நீட்டிக் கூவுகிறது. ஒவ்வொரு தடவையும் பதக்கத்திலிருந்து மறுபடி ஆரம்பிக்க வேண்டியதாயிற்று. வயர்லெஸ்ஸைக் கொஞ்ச நேரம் அணைத்து வைக்க முடியுமா என்று கேட்டேன். மாவட்டத்தில் சட்டம் ஒழுங்கு என்று ஒன்று இருக்கிறது என்றார்.

பேட்டி நடுவில் திரும்பிப் பார்த்தால் முக்காலியில் கேமரா தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கிறது, எப்சியைக் காணோம். இன்னொரு கேமராவோடு பின்கட்டில், ஏட்டம்மா சேவலுக்குக் கம்பு போடுவதைக் குத்தவைத்துப் படம் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"எப்சி, இது எதுக்கு?"

"அண்ணே, அவ்வோ அதுகிட்ட பேசுதாவ."

"என்ன பேசுறாங்க?"

"'நேத்து ராத்திரி டூட்டி யாரு, ஒனக்குத் தண்ணி வச்சானா'ன்னு கேட்டாவ."

இதில் என்ன செய்தி இருக்கிறது? மெமரி கார்டு வீண்.

பிப்ரவரி 6, வியாழன்

இன்று நான் திரையில் தோன்றும் பகுதி. திட்டம்: ஸ்டேஷன் வாசலில் வேப்பமரம், மரத்தடியில் நான், பின்னால் ஏட்டம்மா சேவலை நெஞ்சோடு அணைத்தபடி தொலைவானத்தைப் பார்த்து மெதுவாக நடந்து வர வேண்டும்.

"தொலைவானம்னா எது தம்பி, பஸ் ஸ்டாண்டு பக்கமா?"

"எந்தப் பக்கம்னாலும் சரி ஏட்டம்மா. கண்ணுல ஒரு ஏக்கம் இருக்கணும்."

நடந்தார். ஏக்கம் வரவில்லை. மறுபடி நடக்கச் சொன்னேன். அதற்கும் அடுத்த தடவை நின்றுவிட்டார். "நான் என்ன கல்யாணப் பொண்ணா, வீடியோவுக்கு நடந்துக்கிட்டே இருக்கதுக்கு? உள்ள ஒருத்தன் பைக்கக் காணோம்னு வந்து உக்காந்திருக்கான்" என்று சேவலை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

சரி, நானே வைத்துக்கொண்டு பேசலாம் என்று மைக்கைத் தூக்கினேன். காற்றுச் சத்தம் வராமலிருக்க எங்கள் மைக்குக்குச் சாம்பல் நிறத்தில் ஒரு ரோமச் சட்டை மாட்டியிருப்போம். எம்.ஓ. அதைப் பார்த்தது. பரம்பரை பரம்பரையாகச் சண்டைக்கென்றே வளர்த்த சேவல். எதிரே புசுபுசுவென்று ஒன்று என் வாய்க்குப் பக்கத்தில் நிற்கிறது. அது என்ன செய்யும்?

மைக் தோற்றுவிட்டது. ரோமம் வேப்பமரம் வரை பறந்தது. இடையில் என் மூக்கும் இருந்தது.

எப்சி கேமராவை நிறுத்தவே இல்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

பிப்ரவரி 7, வெள்ளி

மூக்கில் பிளாஸ்திரி. ஓய்வு.

பிப்ரவரி 8, சனி

மூக்கைச் சாக்கிட்டு வேலையை நிறுத்துகிறவன் நானில்லை. பனங்காட்டுக்குப் போய் டிரோன் காட்சிகள் எடுத்தோம். கீழே தனியாக ஒரு சேவல் நின்றால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது. எம்.ஓ.வை வெளியே கொண்டுபோக நீதிமன்ற அனுமதி வேண்டுமாம். அதனால் கோழிக்கடையிலிருந்து ஒன்றை வாடகைக்கு வாங்கி வந்தேன்.

"அண்ணே, எம்.ஓ. செவலை. இது வெள்ளை" என்றாள் எப்சி.

"அவ்வளவு உயரத்திலிருந்து நிறம் யாருக்குத் தெரியும்?"

"அதோட இது பொட்டக் கோழிண்ணே."

எடுத்துவிட்டோம். எடுத்தேன். எப்சி டிரோன் ரிமோட்டை என் கையில் கொடுத்துவிட்டுப் பனைமரத்தடியில் போய் உட்கார்ந்துகொண்டாள். என்ன கோபமோ.

மத்தியானம் ஒலிப்பதிவு அறை. பதிவாகியிருந்த கூவல் எல்லாவற்றிலும் வயர்லெஸ்ஸின் 'ஓவர்' சேர்ந்தே வருகிறது. கம்பீரமும் போதவில்லை. ஆகவே நானே கூவினேன். முதலில் சரியாக வரவில்லை. அடிவயிற்றிலிருந்து எடுக்க வேண்டும். சாயங்காலம் அடிவயிறு கிடைத்துவிட்டது. கணக்குப் பிரிவிலிருந்து ஆள் வந்து கதவைத் தட்டிவிட்டுப் போனார்.

பிப்ரவரி 9, ஞாயிறு

லேசாகத் தொண்டை கட்டியிருக்கிறது. சுக்குக் கஷாயம். கனகமணி ஏதோ பொம்மை என்று ஆரம்பித்தாள். கூவும் முறையை அவளுக்குச் செய்து காட்டினேன். பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்.

பிப்ரவரி 10, திங்கள்

மேடத்துக்குத் தொகுப்பைப் போட்டுக் காட்டினோம்.

என் குரல் ஆரம்பித்ததும் செல்போனை எடுத்தார். டிரோன் காட்சியில் நிமிர்ந்து, "கோழி எதுக்கு?" என்றார். இன்ஸ்பெக்டரின் பதக்கம் வந்தபோது டீ சொன்னார். நடுவில் ஒரே ஒரு இடத்தில் போனைக் கீழே வைத்தார். சட்டப் பிரிவுகளை நான் அடுக்கும்போது வெறும் சுவரைக் காட்ட வேண்டாமே என்று, ஏட்டம்மா கம்பு போடுவதைப் பின்னணியில் ஓட விட்டிருந்தேன்.

"யாரு இந்த அம்மா?"

"ஏட்டம்மா மேடம்."

"வாய் அசையுதே. என்ன சொல்றாங்க?"

"அது மேல என் குரல் ஓடுது மேடம்."

"அது தெரியுது."

டீயை ஒரு மடக்கு குடித்தார். பிறகு, "அந்தக் கூவல் சேவலோடதா?" என்றார். நான் பெருமையோடு வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது. காலையில் குரல் கரகரப்பாக இருந்தது, அந்த நிமிடத்தில் சுத்தமாகப் போய்விட்டது. எப்சி என்னைக் கைகாட்டினாள். மேடம் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார்.

நீதிமன்ற உத்தரவு வந்துவிட்டதாம், புதன்கிழமை ஏலம். அதையும் எடுத்து, மொத்தத்தையும் புதிதாக வெட்டி ஒட்டிக் கொடுங்கள், இல்லாவிட்டால் தங்கம் என்றார்.

டாக்டர் தொண்டைக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, "அப்படி என்ன பண்ணீங்க?" என்று கேட்டார். எழுதிக் காட்டினேன். வாசித்தார். நர்ஸைக் கூப்பிட்டு அவரையும் வாசிக்கச் சொன்னார். ஒரு வார்த்தை பேசக் கூடாது, கிசுகிசுக்கவும் கூடாதாம். அடுத்த செவ்வாய்க்கிழமை வந்து காட்ட வேண்டும்.

பிப்ரவரி 11, செவ்வாய்

வீட்டில் ஒரே அமைதி. கனகமணி முதலில் ரேடியோவைப் போட்டாள். பிறகு அணைத்தாள். பிறகு சோறு போட்டுக்கொண்டே மெதுவாக ஆரம்பித்தாள்.

கடை வாசலில் பட்டுச் சேலை கட்டிய பொம்மை ஒன்று நிற்கிறதாம். கடை சாத்தும்போது ஒரு கட்டு, காலையில் திறந்து பார்த்தால் வேறு கட்டு. ஒருநாள் மடிப்பு பின்னால் போயிருக்கிறது. ஒருநாள் முந்தானை இடுப்பைச் சுற்றி வந்திருக்கிறது. பூட்டிய கடை. வாட்ச்மேன்தான் என்று முதலாளி அவரை வேலையிலிருந்து நிறுத்தப் போகிறாராம். "அவரு வேட்டியவே ஒழுங்கா கட்ட மாட்டாருங்க. அவரு எங்க மடிப்பு வைக்க?" என்றாள் கனகமணி.

சாம்பார் ஆறிப்போனது தெரியவில்லை.

பிப்ரவரி 12, புதன்

இன்று நிறைய எழுத வேண்டும்.

காலையிலேயே ஸ்டேஷனுக்குப் போய்விட்டோம். பேச முடியாததால் கேள்விகளைத் துண்டுச் சீட்டுகளில் எழுதி, வரிசையாகச் சட்டைப் பையில் வைத்திருந்தேன். ஏட்டம்மா பின்கட்டில் சேவலுக்குக் கடைசியாகத் தீனி வைத்துக்கொண்டிருந்தார். முதல் சீட்டைக் காட்டினேன்: 'சேவல் போவது பற்றி என்ன நினைக்கிறீர்கள்?'

"என்ன நினைக்க? போவட்டும்."

இரண்டாவது சீட்டைத் தேடினேன். பையில் எல்லாம் கலைந்து கிடந்தது. கையில் வந்தது மருந்துக்கடை ரசீது. எப்சி கேமராவை அப்படியே பிடித்திருந்தாள். சேவல் கொத்துகிற சத்தம் மட்டும் கேட்டது. ஏட்டம்மா என்னைப் பார்த்தார், கேமராவைப் பார்த்தார், கீழே பார்த்தார்.

"நான் சர்வீசுக்கு வந்து எவ்வளவு காலமாச்சு. இன்ஸ்பெக்டர் வந்தா எந்திப்பாவ. எஸ்.ஐ. வந்தா எந்திப்பாவ. நான் வந்தா, 'ஏட்டம்மா, வரும்போது அந்த ஃபேனப் போட்டுட்டு வாங்க'ம்பாவ. இந்தச் சனியன் மட்டும், நான் வெளிய வண்டிய ஸ்டாண்டு போடும்போதே எந்திச்சு நிக்கும். தீனிக்குத்தான் நிக்குது, எனக்குத் தெரியாதா? தெரிஞ்சா என்ன, நிக்குதுல்லா."

உள்ளேயிருந்து ரைட்டர் கூப்பிட்டார். போய் ஃபேனைப் போட்டுவிட்டு வந்தார்.

இரண்டாவது சீட்டு அப்போதுதான் கிடைத்தது: 'சேவல் சண்டைத் தடைச் சட்டம் பற்றித் தங்கள் கருத்து?' அதை மடித்து உள்ளேயே வைத்துவிட்டேன். மௌனத்தை ஓர் உத்தியாகப் பயன்படுத்தினேன் என்று சொல்லலாம். எப்சிக்கு எழுதிக் காட்டினேன். சிரித்தாள்.

பிறகு ஏலம். நீதிமன்ற வளாகத்தில் மரத்தடி. காவல்துறையில் இருப்பவர் ஏலம் கேட்க முடியாது என்பதால் ஏட்டம்மா தன் கணவர் மாசிலாமணியை அனுப்பியிருந்தார். தையல்கடை வைத்திருக்கிறார், வெட்கப்படுகிற மனிதர். ஏட்டம்மா வெளியே கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

பரோட்டாக் கடைக்காரர் ஒருவர் கேட்டார். எம்.ஓ.வின் தொடையைக் கிள்ளிப் பார்க்கப் போய், விரலைச் சூப்பிக்கொண்டு விலகினார். வெள்ளை வேட்டிக்காரர் ஒருவர் விடாமல் ஏற்றிக்கொண்டே போனார். சேவலின் பழைய சொந்தக்காரர் அனுப்பிய ஆள் என்று எல்லாருக்கும் தெரியும். யாரும் வாயைத் திறக்கவில்லை. அப்போது ஏலம் விட்ட கோர்ட் ஊழியர், அமீனா, பேனாவை எடுத்து, "பேரும் ஊரும் சொல்லுங்க, எழுதிக்கிடுதேன்" என்றார். வேட்டிக்காரர் போன் வந்தது போலக் காதில் கையை வைத்துக்கொண்டு போனவர்தான். போன் கையில் இல்லை.

இப்போது மாசிலாமணி மட்டும்தான். ஆனால் யார் கேட்டாலும் மேலே கேட்க வேண்டும் என்று வீட்டில் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அமீனா அவர் கேட்ட விலையைச் சொன்னதும் அவரே அதற்கு மேல் நூறு கேட்டார். அமீனா அதைச் சொன்னதும் இன்னொரு நூறு.

"அய்யா, இதுவும் நீங்க கேட்டதுதான்."

"யாரு கேட்டாலும் சரி, எனக்கு ஒரு நூறு கூட!"

கேட்டுக்கு வெளியே ஏட்டம்மா தலையில் அடித்துக்கொண்டார். அதைப் பார், அந்த முகத்தை எடு என்று எப்சிக்குச் சொல்ல வேண்டும், எனக்கோ குரல் இல்லை. இரண்டு கைகளையும் தூக்கி ஆட்டினேன். எப்சி பார்க்கவில்லை. குதித்து ஆட்டினேன்.

"சேனல்காரரு கேட்டாச்சு!" என்றார் அமீனா.

மாசிலாமணி மடியைத் தடவிப் பார்த்தார். வீட்டில் கொடுத்தனுப்பியதை அவரே அவரோடு போட்டி போட்டு முடித்திருந்தார். நான் இல்லை இல்லை என்று தலையை ஆட்டினேன். எங்கள் பக்கத்தில் இல்லை என்பதற்கும் ஆமாம் என்பதற்கும் தலை ஏறக்குறைய ஒரே மாதிரிதான் ஆடும். ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம்.

சேவல் எனக்கு.

ஏட்டம்மா கேட்டைத் திறந்துகொண்டு நேராக என்னிடம் வந்தார். அவர் பார்த்த பார்வையில் அந்த ஓடிப்போன சேவல்காரர்கள் மேல் எனக்கு இரக்கம் வந்தது. 'தவறு நடந்துவிட்டது' என்று சீட்டில் எழுதிக் கொடுத்தேன். கண்ணாடியை ஸ்டேஷனில் விட்டுவிட்டு வந்திருந்தார். வேறு வழியில்லாமல் எம்.ஓ.வை அப்படியே மாசிலாமணி கையில் திணித்தேன்.

"சும்மா தந்தா வாங்க மாட்டோம் தம்பி. எம்மேல விசாரணை வந்துரும்" என்றார் ஏட்டம்மா. ஆனால் சேவலைக் கணவர் கையிலிருந்து வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். மாசிலாமணி மடியில் இருந்ததை எண்ணாமல் என்னிடம் தந்தார். மீதி ஒரு நூறு என்னுடையது. மேடத்திடம் கேட்கப் போவதில்லை.

பிப்ரவரி 13, வியாழன்

எடிட்டிங். எப்சி ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டே வந்தாள். இன்ஸ்பெக்டர் போனார். டிரோன் போனது. வெள்ளைக் கோழி போனது. 'கொண்டை சிவந்தவன்' போனான். நான் கூவியது போனது.

'பின்னணிக் குரல் இல்லாமல் தொகுப்பா?' என்று எழுதி நீட்டினேன். வாசித்துவிட்டு அதன் மேல் டீ கிளாஸை வைத்தாள்.

மிச்சம் இருப்பது: வயர்லெஸ்ஸுக்குச் சேவல் பதில் சொல்வது, ஏட்டம்மா அதோடு பேசுவது, ரோமச் சட்டை பறப்பது, பின்கட்டில் அவர் சொன்னது, ஃபேன், ஏலம். ஏலத்தில் நான் குதிப்பதும் இருக்கிறது. அதை நீக்கச் சொல்லி மூன்று சீட்டுகள் எழுதினேன். என் கையெழுத்து புரியவில்லையாம்.

பிப்ரவரி 14, வெள்ளி

மேடம் போனைத் தொடவே இல்லை. முடிந்ததும், "இன்னொரு தடவ போடு" என்றார். அதுவும் முடிந்ததும், "இது யாரு தொகுப்பு?" என்று கேட்டார்.

'நான்' என்று எழுதிய சீட்டு கையில் தயாராக இருந்தது. அதற்குள் எப்சி, "அண்ணனும் நானும் மேடம்" என்று சொல்லிவிட்டாள். சீட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

பிப்ரவரி 16, ஞாயிறு

கருத்துகள் கொட்டுகின்றன. ஏட்டம்மாவைப் பற்றித்தான் நிறைய. மாசிலாமணிக்கு ரசிகர்கள் சேர்ந்துவிட்டார்கள். எனக்கும் ஒன்று: "ஏலத்துல குதிக்கிற அண்ணன் யாரு? பேசாமலே என்னா நடிப்பு!" கனகமணிக்குக் காட்டினேன். பார்த்துவிட்டுப் பொம்மைக் கதையை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள். முதலாளியின் மாமியார் பெயர் உள்ளே வருகிறது. நான் எதிர்பார்க்கவில்லை.

பிப்ரவரி 17, திங்கள்

ஏட்டம்மாவைப் பார்க்கப் போனோம். நன்றி சொல்வார் என்று நினைத்தேன்.

"ஏன் தம்பி அதப் போட்டிய? அன்னையிலருந்து நான் உள்ள வந்தா அம்புட்டுப் பேரும் எந்திச்சு நிக்கானுவ. டீ குடிக்கவன் டீயோட நிக்கான். கம்ப்ளெயின்ட் குடுக்க வந்தவனும் என்னமோ ஏதோன்னு கூட நிக்கான். உக்காருங்கடேன்னா ஒருத்தன் உக்கார மாட்டேங்கான்."

சொல்லிக்கொண்டே உள்ளே போனார். நாற்காலிகள் தரையில் உரசுகிற சத்தம் வரிசையாகக் கேட்டது. "சீ, உக்காருங்க!" என்றார். திரும்பி வந்தபோது தொப்பியைச் சரி செய்துகொண்டே வந்தார்.

எம்.ஓ. இப்போது தையல்கடையில் இருக்கிறது. அளவு கொடுக்க வருகிறவர்களை விரட்டுகிறதாம்.

பிப்ரவரி 18, செவ்வாய்

டாக்டர் விளக்கடித்துப் பார்த்தார். தொண்டை சுத்தமாகிவிட்டது, இனிமேல் தாராளமாகப் பேசலாம், கூவ மட்டும் வேண்டாம் என்றார். பஸ்ஸில் வரும்போது யாரும் பார்க்காதபோது மெதுவாக "வணக்கம்" என்று சொல்லிப் பார்த்தேன். பழைய குரல், ஒரு பழுதும் இல்லை.

வீட்டுக்குள் நுழைந்ததும் கனகமணி அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"கேளுங்க. நேத்து கடை சாத்தும்போது நான் டிரையல் ரூமுக்குள்ள ஒளிஞ்சிட்டேன். ஷட்டர இழுத்தாச்சு. லைட்டெல்லாம் அணைஞ்சாச்சு. கொஞ்ச நேரங்கழிச்சு மாடிப்படில கொலுசுச் சத்தம். நான் திரையக் கொஞ்சமா விலக்கி..."

சட்டென்று நிறுத்தினாள். முகம் லேசாக மாறியது.

"ஆமா, டாக்டர் என்ன சொன்னாரு? பேசலாமாமா?"

மேசையிலிருந்து ஒரு சீட்டை எடுத்து, 'இன்னும் ஒரு வாரம் பேசக் கூடாதாம்' என்று எழுதிக் கொடுத்தேன். இரண்டு தடவை வாசித்தாள். காலை மடக்கி வசதியாக உட்கார்ந்துகொண்டாள்.

"அப்பக் கேளுங்க" என்றாள்.